புள்ளித் திருக்கைக்கு என்ன வயது?

என் மனைவியிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. பதிலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஏதோ ஒன்று வரும். மழை வருமா என்று கேட்டால், "வராதுன்னு உறுதியா சொல்ல முடியாது" என்பாள். சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால், "போன தடவையோட ஒப்பிட்டா பரவாயில்லை" என்பாள். கல்யாணத்துக்கு முன்னால், என்னைப் பிடித்திருக்கிறதா என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானே கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இப்ப இருக்கற தகவலை வச்சுப் பாத்தா, பிடிச்சிருக்கு" என்றாள். அந்த 'இப்ப' என்ன கணக்கு என்று நான் மாசக்கணக்கில் மண்டை காய்ந்திருக்கிறேன்.

நான் ஏசியும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கிறவன். என் தொழிலில் ஓடுது, ஓடலை, இரண்டே பதில்தான். கோபம் வேறு எனக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்டவனுக்கு இப்படியொருத்தி எப்படி வாய்த்தாள் என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கும் விளங்கவில்லை.

அவளுடைய வேலையைச் சொன்னால் கொஞ்சம் புரியலாம். துறைமுகத்துக்குப் பின்னால், சுவரில் காரை உதிர்ந்துகொண்டிருக்கும் இரண்டு மாடிக் கட்டடத்தில் கடல் உயிரின ஆய்வு நிலையம் இருக்கிறது. மேல்மாடியில் மூலை அறை அவளுடையது. ஒரு கடல் உயிரினம் அழிந்துபோகும் ஆபத்தில் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு ஆபத்து என்று கணித்து அதற்கு ஒரு படி குறிப்பது அவள் வேலை. பயமில்லை என்பது கீழ்ப்படி. அதற்கு மேலே கவலைக்கிடம், ஆபத்து, பேராபத்து என்று ஏறிக்கொண்டே போகும். கடைசிப் படி எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் போதாதென்று படிக்கட்டுக்கு வெளியே தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: 'தகவல் போதாது'. மற்ற அலுவலகத்தில் ஒருத்தர் தனக்குத் தெரியாது என்று சொன்னால் மேலதிகாரி முறைப்பார். இவள் தெரியாது என்று எழுதினால் அதற்கு முத்திரை குத்தி வாங்கிக்கொள்கிறார்கள். இதைக் கேட்ட அன்றே எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"மீனெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு. அதை எப்படி எண்ணுவே?" என்று கேட்டேன்.

"எண்ண முடியாது. கரைக்கு வர்றதைத்தான் எண்ணுவோம்."

"கரைக்கு வராதது?"

"அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்."

அது நாங்கள் புதுசாகக் குடித்தனம் வந்தபோது நடந்த பேச்சு. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், படகுக்காரர். அப்பா இறந்தபோது அவள் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மச்சானுக்கே மீசை முளைக்காத வயது. பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு அப்பாவின் படகில் ஏறிவிட்டார். தங்கை படித்ததெல்லாம் அந்தப் படகால்தான். அவளுக்கு நுண்ணோக்கி வைத்து என்னவெல்லாமோ சொல்லிக்கொடுத்த கல்லூரியின் வாசலில், வலை நாற்றத்தோடு போய் நின்று, "எங்க பாப்பா நல்லா படிக்குதா சார்?" என்று விசாரித்துவிட்டு வருவாராம். இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். பாப்பாவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்தாயிற்று. சாயம் பூசுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

மச்சான் போடுவது திருக்கை வலை. அகலக் கண் வைத்த வலை, விரிகுடாவின் அடித்தரையோடு கிடக்கும். தட்டையான உடம்பும் சாட்டை வாலுமாகத் திருக்கையில் பல வகை இருந்தாலும், அவருக்குச் சோறு போடுவது முதுகில் வெள்ளைப் புள்ளி உள்ள புள்ளித் திருக்கைதான். வேறு வலை அவருக்குப் பழக்கமில்லை. அந்த வயசான படகை ஆழ்கடலுக்கு ஓட்டவும் முடியாது.

இந்த வருஷம் அந்தப் புள்ளித் திருக்கை என் மனைவியின் மேஜைக்கு வந்தது. 'ஆபத்து' என்றோ அதற்கு மேலேயோ அவள் குறித்தால் விரிகுடாவில் திருக்கை வலைக்குத் தடை. மீன்வளத் துறை இதை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதற்குக் கீழே குறித்தாலும் சரி, தகவல் போதாது என்று எழுதினாலும் சரி, தடை கிடையாது. மச்சான் பாட்டுக்கு மச்சான் வலை போடலாம்.

அவள் நேராக நிலைய இயக்குநரிடம் போய், "எங்க அண்ணனே திருக்கை வலைதான் சார் போடறாரு. இதை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

"அதை எழுதிக் குடுங்க, பதிவு பண்ணிக்கறேன். உங்க கணிப்பை வெளியிலருந்து ரெண்டு பேர் சரிபார்ப்பாங்க. ஆனா இந்த மீனைப் பத்தி உங்களை விட்டா வேற யாரும்மா இருக்கா?" என்றாராம் அவர். பாராட்டு மாதிரி பாராட்டி, தலையில் கல்லைத் தூக்கி வைத்து அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் ஒரு வேலையை முழுசாகச் செய்யவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்து நிற்பாள். பல்பசையை என் சவர பிரஷ்ஷில் வைத்துக் கொடுத்தாள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.

"சுத்தி வளைக்காம சொல்லு. அந்த மீனு குறைஞ்சிருக்கா, இல்லையா?"

"குறைஞ்சிருக்கு."

"அப்ப முடிஞ்சுது விஷயம்."

"எப்பலருந்து பாக்கறோம்ங்கறதைப் பொறுத்து."

பாருங்கள், இதற்குத்தான் நான் வாயைக் கொடுப்பதில்லை.

காகிதத்தை எடுத்து ஒரு கோடு போட்டுக் காட்டினாள். இடது பக்கம் உயரமாகத் தொடங்கி, சரேலென்று இறங்கி, அப்புறம் தரையோடு தரையாக நீளமாய்ப் போகிற கோடு. கரைக்கு வந்த புள்ளித் திருக்கையின் கணக்கு அது. முன்னொரு காலத்தில் மலையாய் வந்து குவிந்திருக்கிறது. பிறகு விழுந்திருக்கிறது. கடைசிப் பதினைந்து வருஷமாகக் கொஞ்சம்தான் வருகிறது, ஆனால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர்களுடைய விதிப்படி, ஓர் உயிரினத்தின் மூன்று தலைமுறைக் காலத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டுமாம். புள்ளித் திருக்கைக்குத் தலைமுறை ஐந்து வருஷம் என்றால், பதினைந்து வருஷம் பார்த்தால் போதும். அதில் சரிவே இல்லை. மச்சான் பிழைத்தார். தலைமுறை பத்து வருஷம் என்றால் முப்பது வருஷம் பார்க்க வேண்டும். அந்த மலை உள்ளே வந்துவிடும். பத்தில் எட்டுப் பங்கு போய்விட்டது என்று கணக்கு சொல்லும். பேராபத்து.

"அப்ப அதோட தலைமுறை எவ்வளவு?"

"மீனோட வயசு தெரிஞ்சாத்தானே தலைமுறை தெரியும்?"

"வயசு எவ்வளவு?"

"அதான் தெரியலை" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். கோபமாகக் கேட்க ஆரம்பித்தவன் நான், தண்ணீர் எடுக்கப் போனேன்.

மீன் வயசை எலும்பில்தான் பார்க்கிறார்களாம். முதுகெலும்பில் ஒரு கண்ணியை எடுத்து, மெல்லிசாகச் சீவி, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். குளிர்ந்த கடல்களில் இருக்கும் இதன் பங்காளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் விழுகிறது. வெதுவெதுப்பான எங்கள் விரிகுடாவில் வருஷத்துக்கு இரண்டு முறை தண்ணீர் மாறுகிறது. அதனால் இரண்டு வளையம் விழலாம் என்று ஒரு கட்சி, விழாது என்று இன்னொரு கட்சி. ஒரே எலும்பை வைத்துக்கொண்டு அந்த மீன் குமரியா கிழவியா என்று சண்டை. வளையத்தை எண்ணுவதிலேயே தகராறு வேறு. அரைகுறையாக விழுந்த போலி வளையங்களும் உண்டாம்.

"நீங்க எண்ணிப் பாருங்களேன். உங்களுக்குத்தான் இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே, அதனால சரியா எண்ணுவீங்க" என்று கணினியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். இது எனக்கு மரியாதையா அவமரியாதையா என்று யோசித்துக்கொண்டே எண்ணினேன். முதலில் இருபது வந்தது. இன்னொரு முறை எண்ணினேன், பதினேழு. மூன்றாவது முறை பதினாலு.

"ஏங்க, ஒவ்வொரு தடவையும் குறையுது?"

"இதெல்லாம் போலி வளையம்மா. பாத்தாலே தெரியுது."

அவள் என்னையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வளையம் குறைந்தால் வயசு குறையும், வயசு குறைந்தால் தலைமுறை குறையும், தலைமுறை குறைந்தால் மச்சான் படகு ஓடும். கண்ணால் எண்ணுவதாக நினைத்துக்கொண்டு மனசால் எண்ணியிருக்கிறேன். "உங்களைக் கேட்டது என் தப்பு" என்று கணினியை மூடிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வந்தவர் வழக்கம்போல் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். "பாப்பா, நான் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன். உன் வேலை உனக்கு" என்றார். சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுக் கேட்டார்.

"கடல்ல மீனு இருக்கா இல்லையான்னு நான் தினமும் பாக்கறேன். இருக்கும்மா. வலையில விழுதே. அப்புறம் எப்படி அழிஞ்சு போச்சும்பீங்க?"

"அழிஞ்சு போச்சுன்னு யாரும் சொல்லலை அண்ணா. முன்ன மாதிரி இருக்கா, சொல்லுங்க."

"முன்னன்னா எப்போ?"

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா அது? மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க. படகைக் கட்டிப் போட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்? இந்த வயசுல யாரு எனக்கு வேலை குடுப்பா?" நான் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினேன். என் வீட்டு ஃபிரிட்ஜில் எந்தக் கோளாறும் இல்லை.

அவர் போன பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தகவல் போதாது என்றே எழுதிவிடுவது. பொய்யும் இல்லை, வருஷத்துக்கு எத்தனை வளையம் என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அவளுக்கு இறங்கவில்லை.

"இப்ப என்ன?" என்றேன்.

"எனக்கு வேண்டிய பதிலே வந்திருக்கு. அதனாலயே நம்ப முடியலை."

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள். வேண்டாத பதில் வந்தாலும் அழுகை, வேண்டிய பதில் வந்தாலும் சந்தேகம்.

அந்தப் பதிலை அனுப்புவதற்குள் ஒரு காலையில் வாசலில் மச்சானின் குரல் கேட்டது. "பாப்பா! மாப்பிள்ளை! எல்லாரும் வெளிய வாங்க!" சாக்கு சுற்றி, ஐஸ் கொட்டி, ஒரு பெரிய புள்ளித் திருக்கையைக் கொண்டுவந்திருந்தார். முகமெல்லாம் பல். சாக்கை விலக்கினார். மீனின் முதுகில், பாசி படிந்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று குத்தியிருந்தது. அதில் நிலையத்தின் பெயரும் ஓர் எண்ணும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மனைவியும் அவள் ஆட்களும் கொஞ்சம் திருக்கைகளைப் பிடித்து, ஊசி போட்டு, வில்லை குத்தித் திரும்பக் கடலில் விட்டிருக்கிறார்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்தக் கதையை எல்லோரும் மறந்தே போயிருந்தோம்.

"நீ விட்ட மீனும்மா! இத்தனை வருஷம் உயிரோட சுத்திட்டு இருந்திருக்கு!" என்றார் மச்சான். "வலையிலருந்து எடுத்ததும் நேரா இங்கதான் வர்றேன். இதைக் கொண்டு போய் உங்க ஆபீசர் முன்னால போடு. அழிஞ்சுடும் அழிஞ்சுடும்னு சொல்றாங்களே, இதுக்கு என்ன சொல்வாங்களாம்?"

நானும் கைதட்டினேன். அப்பாடா, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மீனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மறுபடியும் மீனைப் பார்த்தாள். சந்தோஷப்படுகிறாளா பயப்படுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"என்னம்மா, பேச்சையே காணோம்?" என்றார் மச்சான்.

"ஐஸ் உருகறதுக்குள்ள போயிடலாம் அண்ணா" என்றாள்.

என் வண்டியில்தான் கொண்டுபோனோம். மீனை மேலே எடுத்துப் போய்விட்டார்கள். நானும் மச்சானும் நிலையத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். தடையில்லை என்று ஆனதும் படகுக்குப் புதுசாகச் சாயம் அடிக்கப் போவதாகச் சொன்னார். நீலமா பச்சையா என்று என்னைக் கேட்டார். நான் பச்சை என்றேன்.

மேலே என்ன நடந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் போட்ட ஊசி மருந்து எலும்பில் படிந்து நிற்குமாம். சீவிய எலும்பை ஊதா விளக்கில் காட்டினால் மஞ்சள் கோடாக ஒளிரும். அந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம் இருக்கிறதோ அதெல்லாம் ஆறு வருஷத்தில் விழுந்தவை. பன்னிரண்டு இருந்தால் வருஷத்துக்கு இரண்டு. ஆறு இருந்தால் ஒன்று. எண்ணுகிறவருக்கு மனசு எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பதற்காக, மீனை எப்போது கடலில் விட்டது, யார் பிடித்தது என்று எதுவும் சொல்லாமல் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறாள். ஒருவர் தடித்த கண்ணாடி போட்ட மூத்த ஆய்வாளர். இன்னொருத்தி வேறு பிரிவில் நண்டு பார்க்கிற பெண். அவர்கள் எண்ணி முடிக்கிறவரை இவள் வராந்தாவில் நின்றிருக்கிறாள். பிறகு தானும் போய் எண்ணியிருக்கிறாள்.

கீழே இறங்கி வந்து எங்கள் எதிரில் நின்றாள்.

"அண்ணா, ஆறு."

"ஆறுன்னா நல்லதா?" என்று மச்சான் எழுந்தார்.

"வருஷத்துக்கு ஒண்ணுதான் விழுது. நாங்க நினைச்சதை விட அதுக்கு வயசு ஜாஸ்தி. மெதுவா வளருது, ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் குட்டி போடுது. அப்ப முப்பது வருஷம் பாக்கணும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "முப்பது வருஷம் பாத்தா, பேராபத்து அண்ணா."

மச்சான் டீ டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தார். "நான் கொண்டுவந்தேனே, இந்த மீனாலயா?"

"ஆமா."

"கடல்லயே தூக்கி வீசியிருந்தா?"

"தகவல் போதாதுன்னு எழுதியிருப்பேன். எழுதி வச்சிருந்தேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஒரே ஒரு மீனு! ஒண்ணே ஒண்ணை வச்சு ஒரு மனுஷன் பிழைப்பைக் கெடுப்பியா? இதுக்கு முன்னால எதைக் கேட்டாலும் தெரியாது தெரியாதுன்னு இழுப்பியே, இப்ப மட்டும் எங்கருந்து வந்துது இந்த வேகம்?" என்று அந்த இடத்திலேயே கத்தினேன். மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு பத்தாதுதாங்க" என்றாள். "நேத்து வரைக்கும் ஒண்ணுகூட இல்லை. இன்னிக்கு இருக்கு. இதைக் கையில வச்சுக்கிட்டு தெரியாதுன்னு எழுதினா அது பொய்யில்லையா? நீங்களே சொல்லுங்க, பொய்தானே?" உண்மையிலேயே என்னிடம் கேட்டாள். மச்சான் பக்கம் நியாயம் இருந்தது, இவள் பக்கமும் இருந்தது. யாரைத் திட்டுவது? அந்தத் திருக்கையையா? அது பாட்டுக்கு மெதுவாக வளர்ந்திருக்கிறது.

மச்சான் வாசல்வரை நடந்து போனார். அங்கே நின்று துறைமுகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் துண்டைத்தான் பார்த்தேன்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணா, மீனை யாரு கொண்டுவந்து குடுத்தாங்கன்னு அறிக்கையில போடுவாங்க. உங்க பேரைப் போடலை. ஒரு மீனவர்னு மட்டும் எழுதிடறேன். தெரிஞ்சா துறைமுகத்துல உங்களைச் சும்மா விட மாட்டாங்க. எல்லாருக்கும்தானே தடை."

"போடு" என்றார் மச்சான்.

"என்ன?"

"என் பேரைப் போடு. படகு நம்பரும் போடு."

"எதுக்கு அண்ணா?"

"பேரு இல்லாட்டி, ஆபீஸ்ல உக்காந்து நீயே எழுதிட்டேன்னு உன்னைத்தான் பிடிப்பாங்க. என் பேரு இருந்தா, இந்தப் பாவி கொண்டுபோய்க் குடுத்தான்னு என்னைத் திட்டுவாங்க. எனக்கு அவனுங்களோட சண்டை போடத் தெரியும். உனக்குத் தெரியாதும்மா."

தடை வந்து, படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். துறைமுகத்தில் மச்சானோடு யாரும் பேசுவதில்லை. என் மனைவி தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறாள். இதுவரை அவளை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.